கட்சிக்காரரும் கட்சியும்: ஹெர்பர்ட் எவாட்டின் பொதுவாழ்வு – ஓர் ஆய்வு

தமிழில் 'கட்சிக்காரர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வக்கீலிடம் வழக்கைக் கொண்டுவருபவர் கட்சிக்காரர். ஓர் அரசியல் இயக்கத்தைச் சேர்ந்தவரும் கட்சிக்காரர்தான். முன்னவர் தன் பொறுப்பை வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். பின்னவர் தலைவரோடு கூடவே நிற்பார், கேள்வி கேட்பார், மனம் கோணினால் பிரிந்தும் போவார். நீதிமன்றத்திலிருந்து அரசியலுக்கு வருகிறவர் இந்த இருவருக்கும் உள்ள வேறுபாட்டை எவ்வளவு தூரம் உணர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய அரசியல் வாழ்வு அமைகிறது. ஆஸ்திரேலியாவின் ஹெர்பர்ட் வியர் எவாட்டின் வாழ்க்கையை ஆராய்ந்து நான் வந்தடைந்த முடிவு இது.

இந்தக் கேள்வியை ஆராய எவாட்டைவிடப் பொருத்தமான ஒருவர் கிடைப்பது அரிது. வழக்கறிஞர், மாநிலச் சட்டப்பேரவை உறுப்பினர், நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதி, கூட்டாட்சி அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், மாநிலத் தலைமை நீதிபதி என்று சட்டமும் அரசியலும் சந்திக்கிற ஏறக்குறைய எல்லாப் பதவிகளையும் அவர் வகித்தார். மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நாளில் தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்தவர் அவர். ஆனால் பிரதமர் பதவி அவருக்குக் கடைசிவரை எட்டவில்லை. 1954, 1955, 1958 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் அவர் தலைமையில் தொழிற்கட்சி தோற்றது. அவர் தலைமையில்தான் அது இரண்டாக உடைந்தது. இத்தனை ஆற்றல் உள்ளவருக்கு ஏன் இப்படி ஆயிற்று?

மெயிட்லாந்திலிருந்து பால்மெய்ன் வரை

எவாட் 1894 ஏப்ரல் 30 அன்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கிழக்கு மெயிட்லாந்தில் பிறந்தார். தந்தை மதுவிடுதி நடத்தியவர். மகனுக்கு ஏழு வயதாகும்போது இறந்துவிட்டார். விதவைத் தாயின் உழைப்பில் வளர்ந்த சிறுவன் சிட்னியின் ஃபோர்ட் ஸ்ட்ரீட் பள்ளியிலும் சிட்னி பல்கலைக்கழகத்திலும் பரிசுகளை வாரிக் குவித்தான். முதல் உலகப் போரில் இரண்டு சகோதரர்கள் மாண்டார்கள். பார்வைக் குறைபாட்டால் எவாட்டைப் படையில் சேர்க்கவில்லை. 1918இல் வழக்கறிஞராகப் பதிவுசெய்துகொண்டு, 1924இல் சட்டத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

அவர் பெயரை ஊரறியச் செய்தது 1925இல் நடந்த ஒரு வழக்கு. கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னிட்டு, சங்கத் தலைவர்களான டாம் வால்ஷ், ஜேக்கப் ஜான்சன் இருவரையும் நாடு கடத்தக் கூட்டாட்சி அரசு ஆணையிட்டது. அவர்களுக்காக எவாட் ஹைகோர்ட்டில் வாதாடினார். ஆஸ்திரேலியாவில் ஹைகோர்ட் என்பதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம் என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. பலருக்குப் பிடிக்காத மனிதராக இருந்தாலும் சட்டம் அவரைக் காக்க வேண்டும் என்ற எவாட்டின் நம்பிக்கைக்கு இந்த வழக்கே தொடக்கம்.

அதே 1925இல் சிட்னி துறைமுகத்தை ஒட்டிய தொழிலாளர் பகுதியான பால்மெய்னிலிருந்து தொழிற்கட்சி சார்பில் மாநிலச் சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றைய முதல்வர் ஜாக் லாங். விதவையர் ஓய்வூதியம், தொழிலாளர் இழப்பீடு, வாரத்துக்கு 44 மணி நேர வேலை போன்ற சட்டங்களைக் கொண்டுவந்தது அவருடைய அரசு. கொள்கையில் எவாட்டுக்கும் லாங்குக்கும் பெரிய இடைவெளி கிடையாது. ஆனால் லாங் கட்சியைத் தன் கைப்பிடிக்குள் வைத்திருந்தவர். எவாட் யார் பிடிக்கும் அடங்காதவர். மோதல் முற்றி, 1927 தேர்தலில் எவாட் கட்சி வேட்பாளரை எதிர்த்துத் தனித்து நின்று வென்றார்.

இந்த வெற்றியைப் பலர் துணிச்சலுக்குச் சான்றாகச் சொல்வார்கள். அது உண்மையே. ஆனால் கட்சியில்லாமலும் வெல்லலாம் என்ற பாடத்தை அவர் மனத்தில் பதித்ததும் அந்த வெற்றிதான். கட்சிக்குள் கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்க்கும் பழக்கம் மாநில அரசியலில் அவருக்கு வாய்க்கவே இல்லை. கூட்டாட்சி அரசியலுக்குப் போனபோது அந்தக் குறையையும் உடன் கொண்டுபோனார்.

நீதிபதி நாற்காலியில் பத்து ஆண்டுகள்

1930 டிசம்பரில் தொழிற்கட்சி அரசு எவாட்டை ஹைகோர்ட் நீதிபதியாக நியமித்தது. பிரதமர் ஸ்கல்லின் வெளிநாட்டில் இருந்தபோது கட்சி உறுப்பினர்களின் வற்புறுத்தலால் நடந்த நியமனம் அது. எவாட்டுக்கு வயது 36. அந்த நீதிமன்றத்தில் அவ்வளவு இளம் வயதில் வேறு யாரும் அமர்ந்ததில்லை.

கட்சி நியமனம் என்ற பழிப்பேச்சுக்கு அவர் தீர்ப்புகளால் பதில் சொன்னார். 1934 நவம்பரில் செக் நாட்டு எழுத்தாளர் எகோன் கிஷ், பாசிச எதிர்ப்பு மாநாட்டில் பேச ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். அவரை இறங்கவிடாமல் தடுத்தது அரசு. மெல்போர்னில் கப்பலிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்ட கிஷ்ஷை மறுபடியும் கப்பலேற்றினார்கள். சிட்னியில் வழக்கு எவாட்டிடம் வந்தது. அரசின் தடை ஆணை சட்டம் கேட்கிற முறைப்படி இல்லை என்று சொல்லி அவரை விடுவித்தார். விடாத அரசு, குடிவரவுச் சட்டத்தின்படி கிஷ்ஷுக்கு மொழித்தேர்வு வைத்தது. பல மொழிகள் அறிந்தவர் என்பதால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் வைத்தது. அந்தச் சட்டத்தின் நோக்கில் கேலிக் ஓர் ஐரோப்பிய மொழி ஆகாது என்று ஹைகோர்ட் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. எவாட் அந்தப் பெரும்பான்மையில் இருந்தார். கிஷ்ஷைத் தடுக்க முயன்ற அட்டர்னி ஜெனரல் ராபர்ட் மென்சீஸ். இந்தப் பெயர் எவாட்டின் வாழ்வில் திரும்பத் திரும்ப வரும்.

அவருடைய மறுப்புத் தீர்ப்பு ஒன்று சட்டத்துக்கு மனித முகத்தைத் தந்தது. சிட்னியில் நகராட்சி தோண்டிப் போட்ட பள்ளத்தில் நீர் தேங்கியிருந்தது. ஒரு சிறுவன் அதில் மூழ்கி இறந்தான். மணிக்கணக்கில் தேடிய தாய், மகனின் உடலை வெளியே எடுப்பதைப் பார்த்து மனமுடைந்தார். அந்த அதிர்ச்சிக்கு இழப்பீடு தர இயலாது என்றது 1939ஆம் ஆண்டுப் பெரும்பான்மைத் தீர்ப்பு. பிள்ளையைத் தேடி அலைகிற தாயின் வேதனையை யாரும் முன்கூட்டியே ஊகிக்க முடியும், ஆகவே நகராட்சிக்குப் பொறுப்பு உண்டு என்று எவாட் தனித்து எழுதினார். 1944இல் நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றம் அவருடைய கருத்துக்கு இசைவாகச் சட்டத்தைத் திருத்தியது. அன்று ஒற்றைக் குரலாக ஒலித்த அந்தப் பார்வை பின்னாளில் பொதுச் சட்டமாகவே நிலைபெற்றது.

கூட்டாட்சிக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான எல்லை பற்றியும் அவர் தொலைநோக்கோடு சிந்தித்தார். வெளிநாடுகளுடன் செய்துகொண்ட உடன்படிக்கையை உள்நாட்டில் நிறைவேற்றக் கூட்டாட்சிக்கு விரிந்த அதிகாரம் உண்டு என்று 1936இல் நீதிபதி மெக்டீர்னனுடன் சேர்ந்து எழுதினார். 1983இல் டாஸ்மேனியாவின் ஓர் ஆற்றில் அணை கட்டுவதைக் கூட்டாட்சி அரசு தடுத்தபோது, ஹைகோர்ட் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அதே விரிந்த பார்வையை ஏற்றது.

இதே பத்தாண்டில் அவர் வரலாற்று நூல்களும் எழுதினார். மாநில முதல்வர் லாங்கை 1932இல் ஆளுநர் பதவிநீக்கம் செய்தார். ஆளுநர்களின் தனியதிகாரத்துக்கு எழுதப்பட்ட வரம்பு வேண்டும் என்று 1936இல் வெளியான நூலில் எவாட் வாதிட்டார். 1975 நவம்பர் 11 அன்று பிரதமர் விட்லமைத் தலைமை ஆளுநர் பதவிநீக்கம் செய்தபோது அந்த நூல் மறுபடி விவாதத்துக்கு வந்தது. ஆளுநரின் அதிகாரம் பற்றி ஓயாமல் விவாதிக்கும் நம் நாட்டு வாசகர்களும் இந்த எச்சரிக்கையின் அருமையை உணர்வார்கள்.

கான்பெராவில் அதிகாரம்

உலகப் போர் மூண்ட நிலையில், 1940இல் நீதிபதி பதவியைத் துறந்து சிட்னியின் பார்ட்டன் தொகுதியில் நின்று நாடாளுமன்றம் சென்றார் எவாட். ஆயுளுக்கும் உறுதியான பதவியை விட்டு எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்காரப் பெரும் துணிவு வேண்டும். 1941 அக்டோபரில் ஜான் கர்ட்டின் தலைமையில் தொழிற்கட்சி ஆட்சி அமைந்தது. அட்டர்னி ஜெனரல், வெளியுறவு அமைச்சர் ஆகிய இரண்டு பொறுப்புகளையும் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து எவாட் வகித்தார்.

ஆஸ்திரேலியக் கூட்டாட்சி 1901இல் ஆறு குடியேற்றப் பகுதிகள் இணைந்து உருவானது. கூட்டாட்சிக்கு எந்தெந்த அதிகாரம் என்று அரசமைப்புச் சட்டம் பட்டியலிட்டுவிட்டு, மிச்சத்தை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. திருத்தம் வேண்டுமானால் மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். நாடு முழுவதும் பெரும்பான்மை கிடைப்பதோடு, ஆறில் நான்கு மாநிலங்களிலாவது பெரும்பான்மை கிடைக்க வேண்டும். போருக்குப் பிந்திய மறுசீரமைப்புக்காகப் பதினான்கு அதிகாரங்களைக் கூட்டாட்சிக்கு ஐந்து ஆண்டுகளுக்குத் தருமாறு 1944 ஆகஸ்டில் எவாட் மக்களிடம் கேட்டார். எல்லாவற்றையும் ஒரே கேள்வியாக வைத்தார். இரண்டு மாநிலங்கள் மட்டுமே இசைந்தன.

தோல்வியிலிருந்து அவர் பாடம் கற்றார். மருந்து உதவித் திட்டத்துக்கான கூட்டாட்சிச் சட்டத்தை 1945இல் ஹைகோர்ட் செல்லாது என்றது. உடனே 1946இல் அவர் குறுகிய, தெளிவான ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். விதவையர் ஓய்வூதியம், குழந்தை உதவித்தொகை, வேலையில்லாதோர் உதவி, மருந்து, மருத்துவமனை, மருத்துவம், மாணவர் உதவி ஆகியவற்றைக் கூட்டாட்சி வழங்கலாம் என்பதே அதன் சாரம். மருத்துவர்களைக் கட்டாயப் பணியில் அமர்த்தக் கூடாது என்ற பாதுகாப்பு வாசகத்தைச் சேர்க்கும்படி எதிர்க்கட்சித் தலைவர் மென்சீஸ் கேட்டார், எவாட் இசைந்தார். ஆறு மாநிலங்களும் ஏற்றன. இன்றைய ஆஸ்திரேலியாவின் பொது மருத்துவ உதவி அந்த ஒரு பிரிவின் மேல்தான் நிற்கிறது. எதிராளிக்கு ஓர் அடி விட்டுக்கொடுத்ததால் எவாட்டுக்கு வாய்த்த வெற்றி இது. அப்படி விட்டுக்கொடுத்த தருணங்கள் அவர் வாழ்வில் மிகக் குறைவு.

வங்கிகளை நாட்டுடைமையாக்க 1947இல் பிரதமர் சிஃப்லி முடிவெடுத்தபோது, அதை ஹைகோர்ட்டிலும் பிறகு லண்டன் பிரிவி கவுன்சிலிலும் காக்கும் பொறுப்பை எவாட் தானே ஏற்றார். நாள்கணக்கில் வாதாடினார், இரண்டு இடத்திலும் தோற்றார். வாக்காளர்கள் மனத்தில் அச்சம் வேர்விட்டுக்கொண்டிருந்த காலத்தில் அமைச்சர் நீதிமன்றத்திலேயே நின்றிருந்தார்.

அவருடைய பதிவேட்டில் கறைகளும் உண்டு. 1949இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒடுக்க, சங்கங்களின் பணத்தை முடக்கும் சட்டத்தைக் கொண்டுவந்த அரசில் அவர்தான் அட்டர்னி ஜெனரல். பின்னாளில் அவர் கடுமையாகச் சந்தேகித்த ஆசியோ என்ற உளவுப் பாதுகாப்பு அமைப்பும் அவர் பதவியில் இருந்த 1949இல்தான் தொடங்கப்பட்டது. வெள்ளையர் அல்லாதவர்களுக்குக் கதவடைத்த குடிவரவுக் கொள்கையை அவர் கடைசிவரை ஆதரித்தார்.

உலக மேடையில்

1945இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் உருவானபோது சிறிய நாடுகளின் குரலாக எவாட் பேசினார். வல்லரசுகளின் வீட்டோ அதிகாரத்தை எதிர்த்துப் போராடித் தோற்றார். ஆனால் பொதுச்சபையின் விவாத உரிமையை விரிவாக்கவும், முழு வேலைவாய்ப்பு என்ற இலக்கைச் சாசனத்தில் சேர்க்கவும் வழிசெய்தார். டச்சுப் படைகள் இந்தோனேசியாவைத் தாக்கியபோது, 1947 ஜூலையில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அப்பிரச்சினையைப் பாதுகாப்புச் சபைக்குக் கொண்டுசென்றன. ஓர் ஆசிய நாட்டின் விடுதலைக்கு ஆதரவாக வெள்ளை ஆஸ்திரேலியா நின்றது அன்று பெரிய மாற்றம்.

1948இல் பொதுச்சபையின் மூன்றாவது கூட்டத்தொடருக்கு அவர் தலைவரானார். டிசம்பர் 10 அன்று பாரிஸில், 48 நாடுகள் ஆதரிக்க, எட்டு நாடுகள் வாக்களிக்காமல் விலக, எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல் மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. அதே மனிதர், உள்நாட்டு விவகாரங்களில் ஐ.நா. தலையிடக் கூடாது என்ற விதியை வலுப்படுத்த சான் ஃபிரான்சிஸ்கோவில் முயன்றவர். நிறவெறிக் குடிவரவுச் சட்டம் உலகின் விசாரணைக்கு வராமல் காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இரண்டையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

1951: உச்சம்

1949 டிசம்பரில் மென்சீஸ் ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டே கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றினார். ஒருவரைக் கம்யூனிஸ்ட் என்று அரசு அறிவித்தால் அவர் அரசுப் பணியிலும் முக்கியத் தொழிற்சங்கங்களிலும் பதவி வகிக்க முடியாது. தான் கம்யூனிஸ்ட் அல்ல என்று அவரே நிரூபிக்க வேண்டும். குற்றம் சாட்டியவர் நிரூபிக்க வேண்டும் என்ற நீதிமுறை தலைகீழானது.

துறைமுகத் தொழிலாளர் சங்கத்துக்காக எவாட் ஹைகோர்ட்டில் நின்றார். அவர் அப்போது எதிர்க்கட்சித் துணைத்தலைவர். பனிப்போர் உச்சத்தில் இருந்தது. கொரியாவில் ஆஸ்திரேலியப் படைகள் போரிட்டுக்கொண்டிருந்தன. கம்யூனிஸ்டுகளுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்ற ஏச்சு வெளியிலிருந்தும் சொந்தக் கட்சிக்குள்ளிருந்தும் வந்தது. 1951 மார்ச் 9 அன்று ஆறு நீதிபதிகள் சட்டம் செல்லாது என்றார்கள். ஒருவர் மட்டும் மறுத்தார். தன் அதிகார எல்லைக்குள் ஒரு செயல் அடங்குகிறதா என்பதை அரசே அறிவித்து முடித்துக்கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

மென்சீஸ் மக்களிடம் போனார். அரசமைப்பைத் திருத்த 1951 செப்டம்பர் 22 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஜூனில் சிஃப்லி இறந்ததால் எவாட் அப்போது கட்சித் தலைவராகியிருந்தார். தொடக்கத்தில் கருத்துக்கணிப்புகள் தடைக்குப் பெரும் ஆதரவைக் காட்டின. எவாட் நாடெங்கும் சுற்றி ஒரே விஷயத்தைச் சொன்னார்: இன்று அவர்களுக்கு எதிரான சட்டம் நாளை யாருக்கும் எதிராகத் திரும்பும். முடிவில் ஆதரவு 49.44 சதவீதம். மூன்று மாநிலங்கள் ஏற்றன, மூன்று மறுத்தன. திருத்தம் விழுந்தது. கம்யூனிசத்தை ஏற்காத ஒருவர், கம்யூனிஸ்டுகளின் உரிமைக்காகத் தன் எதிர்காலத்தையே பணயம் வைத்தார். ஆஸ்திரேலிய மக்களாட்சியின் வரலாற்றில் இதற்கு இணையான செயல்கள் மிகச் சில.

1954–55: சரிவு

1954 ஏப்ரலில் சோவியத் தூதரக அதிகாரி விளாடிமிர் பெட்ரோவ் ஆஸ்திரேலியாவிடம் தஞ்சம் புகுந்தார். உளவு குறித்து விசாரிக்க மென்சீஸ் அரச ஆணையம் அமைத்தார். மே 29 தேர்தலில் தொழிற்கட்சி பாதிக்குச் சற்றுக் கூடுதலான முதல் விருப்ப வாக்குகளைப் பெற்றும், 57 இடங்களே வென்று 64 இடங்கள் வென்ற மென்சீஸின் கூட்டணியிடம் தோற்றது. வெற்றியின் வாசலில் தள்ளிவிடப்பட்டதாக எவாட் உணர்ந்தார்.

பெட்ரோவ் கொண்டுவந்த ஆவணம் ஒன்றில் எவாட்டின் அலுவலக ஊழியர்களின் பெயர்கள் இருந்தன. அது போலி, தன்னை வீழ்த்தச் செய்த சதி என்று அவர் உறுதியாக நம்பினார். ஊழியர்களுக்காக வாதாட ஆணையத்தின் முன் தானே வழக்கறிஞராக நின்றார். சில வாரங்களில் அந்த அனுமதி ரத்துசெய்யப்பட்டது. இங்கேதான் பழைய பலம் பலவீனமாக மாறியது. வால்ஷுக்காகவும் துறைமுகத் தொழிலாளருக்காகவும் நின்றபோது அவர் வக்கீல், வழக்கு மற்றவருடையது. இப்போது வழக்கும் அவருடையது, வாதமும் அவருடையது. வக்கீலுக்குத் தேவையான தூரம் போய்விட்டது.

அக்டோபர் 5 அன்று, சாண்டமரியா என்பவர் வழிநடத்திய கத்தோலிக்க கம்யூனிஸ்ட் எதிர்ப்பு இயக்கத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் கட்சிக்குள் ஊடுருவியிருப்பதாகப் பகிரங்கமாக அறிக்கை விட்டார். குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஆனால் கட்சிக்குள் பேச வேண்டியதைக் குற்றப்பத்திரிகையாக ஊர் முன் வாசித்தார். 1955 மார்ச்சில் ஹோபார்ட் மாநாட்டில் கட்சி உடைந்தது. பிரிந்தவர்கள் பின்னர் ஜனநாயகத் தொழிற்கட்சியாக நின்று, தங்கள் ஆதரவாளர்களின் அடுத்த விருப்ப வாக்குகளை மென்சீஸ் அணிக்குத் திருப்பினார்கள். 1972 வரை தொழிற்கட்சி ஆட்சிக்கு வர முடியாமல் போனதற்கு இது முக்கியக் காரணம்.

1955 அக்டோபர் 19 அன்று நாடாளுமன்றத்தில் அவர் ஓர் ஆதாரத்தை முன்வைத்தார். ஆவணங்கள் உண்மையா என்று சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவுக்கே கடிதம் எழுதிக் கேட்டதாகவும், போலி என்று பதில் வந்ததாகவும் சொன்னார். அவை வாய்விட்டுச் சிரித்தது. மென்சீஸ் உடனே தேர்தலை அறிவித்துப் பெருவெற்றி பெற்றார். ஆணையத்தின் விசாரணைக்குப் பிறகு ஒருவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை என்பது எவாட் பக்கம் நிற்கும் உண்மை. ஆனால் 1984இல் கோப்புகள் திறக்கப்பட்ட பின் ஆராய்ந்தவர்கள், ஆவணங்கள் போலியல்ல, மென்சீஸ் திட்டமிட்ட சதி எதுவும் இல்லை என்ற முடிவுக்கே பெரும்பாலும் வந்தார்கள்.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

மென்சீஸும் 1894இல் பிறந்தவர். விக்டோரியாவின் சிற்றூரான ஜெபாரிட்டில் பிறந்து, உதவித்தொகையில் படித்து, 25 வயதில் கூட்டாட்சி அதிகாரத்தை விரிவாக்கிய புகழ்பெற்ற பொறியாளர்கள் வழக்கில் வென்றவர். 1928இல் மாநில மேலவை, அடுத்த ஆண்டு மாநிலப் பேரவை, 1934இல் கூட்டாட்சி நாடாளுமன்றம் என்று அதே படிகளில் ஏறியவர். 1941இல் சொந்தக் கட்சியே அவரைப் பிரதமர் பதவியிலிருந்து இறக்கியது. அந்தத் தோல்விக்குப் பின் அவர் ஊர் ஊராகப் போய் ஆட்களைச் சேர்த்து லிபரல் கட்சியைக் கட்டினார். 1949 முதல் 1966 வரை தொடர்ந்து ஆண்டார். சட்ட அறிவில் எவாட்டை மென்சீஸ் மிஞ்சினார் என்று சொல்ல முடியாது. கட்சிக்காரர்களைத் தன்னோடு வைத்திருக்கும் கலையை மென்சீஸ் தோல்வியில் கற்றார். எவாட் எந்தக் காலத்திலும் கற்கவில்லை.

மதிப்பீடு

1960இல் எவாட் நாடாளுமன்றத்தை விட்டு நியூ சவுத் வேல்ஸ் தலைமை நீதிபதியானார். உடல்நலம் குன்றி 1962இல் ஓய்வு பெற்றார். 1965 நவம்பர் 2 அன்று கான்பெராவில் மறைந்தார்.

அவர் வாழ்வு சொல்வது இது. வாதத்தைக் கூர்மையாக்கவும், சட்டத்தை எழுதவும், ஊரே எதிர்த்தாலும் ஒருவரின் உரிமைக்காக நிற்கவும் சட்டக் கல்வி அரசியல்வாதிக்குக் கற்றுத்தரும். விட்டுக்கொடுக்கவும், எதிர்க்கருத்துள்ள தோழரை நம்பவும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று அறியவும் அது கற்றுத்தராது. அவற்றை மக்களிடமும் கட்சிக்குள்ளும்தான் கற்க வேண்டும். பால்மெய்னில் அந்தப் பாடம் தொடங்கியிருக்க வேண்டும், தொடங்கவில்லை.

ஆனாலும் ஒரு கட்சியைக் காக்கத் தெரியாத அந்த மனிதர், ஒரு நாட்டின் சுதந்திரத்தைக் காத்தார். பிரதமர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆஸ்திரேலிய அரசமைப்புச் சட்டத்தில் கட்சிகளைத் தடைசெய்யும் அதிகாரமும் இல்லை. அந்த அதிகாரம் நுழையாமல் தடுத்து நின்ற முதல் மனிதர் எவாட்தான்.